இணையப் பக்கத்தில் வேண்டாததை மறைப்பது எப்படி?

காட்பாடிக்கு ரயில் எப்போது வரும் என்று பார்க்க ஒரு தளத்தைத் திறக்கிறீர்கள். ரயிலின் பெயர் தெரிகிறது, நேரம் தெரியவில்லை. நேரம் இருக்க வேண்டிய இடத்தின் மேல் ஒரு வீடியோ மிதந்துகொண்டிருக்கிறது. அதை மூடும் பெருக்கல் குறியைத் தேடிப் பிடித்து அழுத்தினால் வேறொரு பக்கத்துக்கு இழுத்துப் போகிறது. திரும்பி வந்தால் ‘எங்கள் ஆப்பை இறக்குங்கள்’ என்று கீழிருந்து ஒரு பட்டை எழும்புகிறது. வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி காதில் விழாமல் இருக்காது: “அண்ணே, இது இன்னாண்ணே, மூட மூட வந்துனே கீது?”

மூடிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. அந்தப் பெட்டியை விட்டுவிட்டு மீதிப் பக்கத்தை மட்டும் காட்டு என்று உங்கள் பிரவுசரிடம் சொல்லிவிடலாம். ஒருமுறை சொன்னால் போதும், அடுத்த முறை அதே தளத்துக்குப் போகும்போதும் நினைவில் வைத்திருக்கும். இதைச் செய்யும் சிறு மென்பொருளுக்கு நீட்சி என்று பெயர், பேச்சில் எக்ஸ்டென்ஷன். காசு கொடுக்க வேண்டாம், புரோகிராமிங் தெரிய வேண்டாம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால், ஏதாவது கோளாறு ஆகும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருக்காது. அதனால் முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

பக்கம் கட்டப்படுவது உங்கள் கணினியில்

இணையப் பக்கம் ஒரு முழுப் படமாக வந்து இறங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சர்வரிலிருந்து வருவது வெறும் எழுத்துதான். இங்கே ஒரு தலைப்பு, அதன் கீழே ஒரு பத்தி, வலப்பக்கம் ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்குள் இன்ன முகவரியிலிருந்து படத்தை எடுத்துப் போடு என்கிற மாதிரியான குறிப்புகள். இது ஹெச்டிஎம்எல். எழுத்து எவ்வளவு பெரியது, என்ன நிறம், எந்தப் பெட்டி எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்வது சிஎஸ்எஸ். இரண்டையும் படித்துப் பக்கத்தைக் கட்டுவது உங்கள் பிரவுசர். சத்துவாச்சாரியில் இருக்கும் உங்கள் வீட்டு லேப்டாப்பில், நீங்கள் திறக்கும் அந்த நொடியில்தான் பக்கம் உருவாகிறது.

ஆகவே கட்டும்போதே ‘இந்தப் பெட்டி மட்டும் வேண்டாம்’ என்று குறுக்கே சொல்ல முடியும். மறைவது உங்கள் திரையில் மட்டும்தான். அதே பக்கத்தைக் குடியாத்தத்தில் திறக்கும் உங்கள் மச்சானுக்கு அந்த வீடியோ வழக்கம்போல மிதந்துகொண்டிருக்கும். தளத்தில் ஒரு எழுத்துகூட மாறாது. எனவே ‘இது ஹேக்கிங் ஆச்சே’ என்று பயப்பட ஒன்றுமில்லை.

பிற்பாடு யாரோ கண்டுபிடித்த குறுக்குவழியும் அல்ல இது. சிஎஸ்எஸ் என்ற யோசனையை நார்வேக்காரரான ஹோகோன் வியூம் லீ 1994-இல் முன்வைத்தார். 1996 டிசம்பரில் அதன் முதல் பதிப்பை, இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்டது. பக்கத்தை எழுதியவர் அதன் தோற்றத்தைச் சொல்வதுபோல, படிப்பவரும் தன் பங்குக்குச் சொல்லலாம் என்று அந்த முதல் பதிப்பிலேயே இருக்கிறது. இருவர் சொல்வதும் முட்டிக்கொண்டால்? ‘இது முக்கியம்’ என்று இருவருமே குறித்துவைத்தால், முதல் பதிப்பின்படி எழுதியவர் சொன்னதுதான் செல்லும். 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு இதைத் தலைகீழாக்கியது: படிப்பவர் ‘முக்கியம்’ என்றால் படிப்பவர் சொன்னதே நடக்கும். பார்வை குறைந்தவர்கள் பெரிய எழுத்து, வேறு நிறம் என்று தங்களுக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளத் தடை இருக்கக்கூடாது என்ற எண்ணத்தில் செய்த மாற்றம் அது. நம் நீட்சியும் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. ‘இந்தப் பெட்டியைக் காட்டாதே, இது முக்கியம்’ என்று படிப்பவர் தரப்பில் ஒரு வரியைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். தளத்துக்காரர் தன் பெட்டியைக் காட்டச் சொல்லி எத்தனை ‘முக்கியம்’ போட்டாலும் இந்த ஒரு வரியை மீற முடியாது. எனக்கு இதில் ஒரு அலாதி மகிழ்ச்சி உண்டு.

மறைப்பதும் தடுப்பதும்

பேப்பர் போடும் பையனிடம் ‘விளம்பர நோட்டீஸை உள்ளே வைக்காதே’ என்று சொல்லிவிடுவது ஒன்று. வந்தபின் நோட்டீஸை உருவி ஓரமாகப் போடுவது இன்னொன்று. முதலாவது தடுப்பது, இரண்டாவது மறைப்பது. விளம்பரத் தடுப்பு நீட்சிகள் பெரும்பாலும் இரண்டையும் செய்கின்றன. விளம்பர சர்வருக்குப் போகும் கோரிக்கையைப் பிரவுசரிலேயே நிறுத்தும். அப்படியும் மிஞ்சி நிற்கும் வெற்றுப் பெட்டியையும் தளமே வைத்திருக்கும் பெட்டியையும் மறைக்கும்.

இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மறைத்த பொருள் பெரும்பாலும் உங்கள் கணினிக்கு வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை என்பது மட்டும்தான். ஒரு நாளைக்கு இவ்வளவு ஜிபி என்று ரீசார்ஜ் செய்து ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவருக்கு மறைப்பதால் டேட்டா மிச்சமாகும் என்று நம்ப இடமில்லை. உங்களைப் பின்தொடரும் நிரலும் மறைத்த பெட்டிக்குள்ளிருந்து வேலை செய்யலாம். டேட்டாவும் அந்தரங்கமும்தான் கவலை என்றால் தடுக்க வேண்டும். ‘படிக்க விடமாட்டேன் என்கிறது’ என்பது மட்டும்தான் குறை என்றால் மறைத்தால் போதும்.

எதைப் போடுவது

பல நீட்சிகள் இருக்கின்றன. நான் கேட்பவர்களுக்குச் சொல்வது யூபிளாக் ஆரிஜின். ரேமண்ட் ஹில் என்பவர் 2014-இல் தொடங்கியது. மூலநிரல் திறந்தது, அதாவது எப்படி எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம்; நன்கொடைகூட வாங்குவதில்லை. ஏறக்குறைய இதே பெயரில் வேறு நீட்சிகளும் உலவுகின்றன. நிறுவும் முன் ‘ஆரிஜின்’ இருக்கிறதா, உருவாக்கியவர் பெயர் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரவுசரின் சொந்த நீட்சிக் கடையிலிருந்து மட்டுமே எடுங்கள். நிறுவும்போது ‘எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி வேண்டும்’ என்று கேட்கும். படித்தால் திக்கென்றுதான் இருக்கும். பக்கத்தில் கைவைத்தால்தானே பெட்டியை மறைக்க முடியும், அதற்காகக் கேட்கிறது. அதே அனுமதி ஒரு மோசடி நீட்சிக்குப் போனால் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டும் அதற்குத் தெரியும் என்பதால்தான் கடையையும் பெயரையும் பார்க்கச் சொல்கிறேன்.

ஃபயர்ஃபாக்ஸில் இது முழு வசதியோடு ஓடுகிறது. குரோமில் நிலைமை வேறு. நீட்சிகளுக்கான விதிகளைக் கூகுள் மாற்றி, பழைய விதிப்படி எழுதியவற்றை 2024 முதல் படிப்படியாக நிறுத்தியது. யூபிளாக் ஆரிஜினும் அதில் போயிற்று. குரோம்காரர்களுக்காக அதே ரேமண்ட் ஹில் எழுதியது யூபிளாக் ஆரிஜின் லைட். சாதாரணப் பயன்பாட்டுக்குப் பரவாயில்லை. பெட்டியைத் தொட்டு மறைக்கும் வசதியும் பிற்பாடு அதில் வந்துவிட்டது. ஆனால் கீழே சொல்லும் எல்லாவற்றையும் செய்து பார்க்க ஃபயர்ஃபாக்ஸ்தான் தோது.

மின்னலும் சொட்டுக்குழாயும்

நீட்சியை நிறுவியதும் பிரவுசரின் மேல் மூலையில், அல்லது அங்கே இருக்கும் புதிர்த்துண்டுப் படத்துக்குள், ஒரு சிவப்புக் கேடயம் தெரியும். அதை அழுத்தினால் சிறு பலகை விரியும். பெரிய பவர் பட்டனைத் தவிர இரண்டு சின்னப் படங்களைக் கவனியுங்கள். ஒன்று மின்னல், மற்றது மருந்து விடும் சொட்டுக்குழாய்.

மின்னல் தற்காலிகம். அழுத்திவிட்டு மவுஸைப் பக்கத்தின்மேல் நகர்த்தினால், மவுஸ் நிற்கும் பெட்டி நிறம் மாறிக் காட்டும். கிளிக் செய்தால் அந்தப் பெட்டி காணாமல் போகும். பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் திரும்பி வந்துவிடும். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்தால் வரிசையாகப் பல பெட்டிகளை நீக்கலாம், முடிந்ததும் எஸ்கேப். இன்று ஒருநாள் படித்துவிட்டு மறந்துவிடப் போகிற தளத்துக்கு இது போதும்.

சொட்டுக்குழாய் நிரந்தரம். மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் வரும் பட்டியலில் ‘பிளாக் எலிமெண்ட்’ என்று இருப்பதும் இதுவேதான். பெட்டியை கிளிக் செய்ததும் திரையின் ஓரத்தில் ஒரு கட்டம் திறந்து, நீட்சி எழுதியிருக்கும் விதியைக் காட்டும். ‘பிரிவ்யூ’ அழுத்தினால் அந்த விதி எதையெல்லாம் மறைக்கும் என்று முன்கூட்டியே பார்க்கலாம். திருப்தியானால் ‘கிரியேட்’. அவ்வளவுதான், அந்தத் தளத்தில் அந்தப் பெட்டி இனி வராது.

பலரும் பிரிவ்யூவைத் தாண்டி நேராகக் கிரியேட்டுக்குப் போகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி என்றுதான் பக்கங்கள் கட்டப்படுகின்றன. நீங்கள் தொட்டது உள்ளே இருக்கும் படத்தை மட்டுமாக இருக்கலாம்; அப்போது படம் மறைந்து சட்டமும் பெருக்கல் குறியும் அப்படியே நிற்கும். அல்லது வெளிப்பெட்டியைத் தொட்டிருப்பீர்கள். செய்தி முழுவதும் சேர்ந்து போய்விடும். அந்தக் கட்டத்தில் இருக்கும் ஸ்லைடரை நகர்த்தினால் தேர்வு ஒரு அடுக்கு வெளியேயும் ஒரு அடுக்கு உள்ளேயும் மாறும். வேண்டாதது முழுதாக நிறம் மாறி, வேண்டியது தொடப்படாமல் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

விதியைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

கட்டத்தில் வரும் விதி முதல் பார்வைக்கு வாய்ப்பாடுபோல மிரட்டும். உண்மையில் இரண்டே துண்டுதான். நிஜத்தில் ஆங்கில எழுத்தில் இருப்பதை வசதிக்காகத் தமிழில் எழுதுகிறேன்:

மாதிரித்தளம்.காம்##.மிதக்கும்-வீடியோ

நடுவில் இருக்கும் ## பிரிப்பு. அதற்கு இடப்பக்கம் எந்தத் தளத்தில், வலப்பக்கம் எந்தப் பெட்டியை. பெட்டியின் பெயருக்கு முன் புள்ளி இருந்தால் அது ‘கிளாஸ்’ பெயர். அந்தப் பெயருள்ள பெட்டி ஒன்றோ பத்தோ, எல்லாம் மறையும். புள்ளிக்குப் பதில் இன்னொரு # இருந்தால் அது ‘ஐடி’, பக்கத்தில் ஒரே ஒரு பெட்டிக்கு உரியது. ### என்று மூன்று வரிசையாகத் தெரிந்தால் முதல் இரண்டு பிரிப்பு, மூன்றாவது ஐடிக் குறி. இடப்பக்கத்தை வெறுமையாக விட்டால் விதி எல்லாத் தளங்களுக்கும் பாயும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

நல்ல விதிக்கும் மோசமான விதிக்கும் வித்தியாசம் பெயரில்தான். ‘மிதக்கும்-வீடியோ’, ‘ஆப்-பட்டை’ மாதிரி அர்த்தமுள்ள பெயர் என்றால், அதை ஒரு ஆள் யோசித்து வைத்திருக்கிறார், சீக்கிரம் மாறாது. தலையும் காலும் இல்லாத எழுத்தும் எண்ணும் கலந்த பெயர் என்றால் கருவி தானாக உண்டாக்கியது. தளத்தை அடுத்த முறை புதுப்பிக்கும்போது அந்தப் பெயர் போய் வேறு வரும், உங்கள் விதி செத்துவிடும். ‘போன வாரம் மறைத்தது இந்த வாரம் திரும்ப வந்துவிட்டது’ என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் காரணம். ஸ்லைடரை நகர்த்தி, வெளி அடுக்கில் அர்த்தமுள்ள பெயர் ஏதாவது கிடைக்கிறதா என்று பாருங்கள்.

கிடைக்கவே இல்லையா? பெட்டிக்குள் இருக்கும் சொல்லைப் பிடிக்கலாம். தமிழ்ச் செய்தித் தளங்களில் இரண்டு பத்திக்கு ஒருமுறை ‘இதையும் படிங்க’ என்று ஒரு பெட்டி நுழையும் இல்லையா? அமிர்தி அருவியில் தண்ணீர் வருகிறதா என்று படிக்கப் போனால் நடுவில் ஒரு நடிகரின் கல்யாணச் செய்தி வரும். அந்தப் பெட்டிகளுக்குப் பெயர் ஒழுங்காக இல்லாவிட்டாலும், உள்ளே இருக்கும் ‘இதையும் படிங்க’ மாறுவதில்லை. யூபிளாக் ஆரிஜினில் ‘ஹேஸ்-டெக்ஸ்ட்’ என்ற குறியைப் பெட்டியின் பெயருக்குப் பின்னால் சேர்த்து, அடைப்புக்குள் அந்தத் தமிழ்ச் சொற்களைக் கொடுத்தால், அவை இருக்கும் பெட்டிகளை மட்டும் மறைக்கும். தமிழ் எழுத்திலேயே தேடும். ஒன்றில் மட்டும் கவனம்: அதே சொற்கள் வெளிப்பெட்டிக்குள்ளும்தான் இருக்கின்றன. விதி வெளிப்பெட்டியைச் சுட்டினால் முழுச் செய்தியும் போய்விடும். எனவே மறுபடியும் பிரிவ்யூ.

மிதக்கும் வீடியோவில் ஒரு தந்திரம் இருக்கிறது. பல தளங்களில் அது தனிப் பெட்டி அல்ல. பக்கத்தின் மேலே இருக்கும் அதே வீடியோதான், நீங்கள் கீழே நகரும்போது ஒரு கூடுதல் கிளாஸ் பெயர் ஏறி மூலைக்குத் தாவுகிறது. வீடியோவையே மறைத்தால் மேலே பார்க்க விரும்பியதும் போய்விடும். பக்கத்தைக் கீழே நகர்த்தி, வீடியோ மிதக்கும் நிலையில் இருக்கும்போது சொட்டுக்குழாயை எடுங்கள். அப்போது மட்டும் ஒட்டிக்கொள்ளும் பெயரை விதியில் வையுங்கள். மேலே இருக்கும் வரை வீடியோ தெரியும், மிதக்கத் தொடங்கினால் மறையும்.

எங்கே இடறும்

முழுத்திரையையும் மூடும் அறிவிப்பை மறைத்தபின் பக்கம் நகர மறுக்கலாம். அறிவிப்பு வரும்போதே ஸ்க்ரோலையும் பூட்டிவிடுகிறார்கள். பெட்டி போனாலும் பூட்டு நிற்கிறது. இந்த மாதிரி இடத்தில் மின்னலைப் பயன்படுத்துங்கள், அது பூட்டையும் அவிழ்க்கப் பார்க்கும்.

வங்கி, ரயில் டிக்கெட், அரசு விண்ணப்பம் ஆகியவற்றில் எதையும் நிரந்தரமாக மறைக்காதீர்கள். ஓடிபி கட்டமும், படத்தில் உள்ள எழுத்தை அடிக்கச் சொல்லும் கட்டமும், நிபந்தனைக்கு டிக் போடும் இடமும் அதே மாதிரி மேலெழும் பெட்டிகளில்தான் வரும். தத்கால் நேரத்தில் அது வராமல் போனால் சிரமம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

பல பேர் உபயோகிக்கும் கணினி என்றால் மின்னலோடு நிறுத்திக்கொள்வதுதான் நியாயம். விதி அந்தப் பிரவுசரில் தங்கிவிடும். வைத்தியத்துக்கு வந்து அடுத்து அங்கே உட்காருகிற கொல்கத்தாக்காரர், தளம்தான் கெட்டுக் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

விளம்பரத்தை மறைப்பது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளூர்ச் செய்தி போடும் சின்னத் தளங்கள் அந்தக் காசில்தான் ஓடுகின்றன. படிப்பதற்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நிற்கும் விளம்பரத்தை நான் விட்டுவிடுகிறேன். அந்தத் தளங்களில் கேடயத்தைத் திறந்து பவர் பட்டனை அணைத்துவிட்டால் நீட்சி அங்கே ஒதுங்கிக்கொள்ளும், மற்ற தளங்களில் வழக்கம்போல ஓடும். டவுன்லோடு பட்டன்போல வேஷம் போட்டு வேறு எதையோ இறக்க வைக்கும் விளம்பரத்தின்மேல் எனக்கு எந்த இரக்கமும் இல்லை. டிஎன்பிஎஸ்சி பழைய வினாத்தாள் தேடுகிற பிள்ளைகள் அதில்தான் அதிகம் விழுகிறார்கள்.

விளம்பரத்தை விடுங்கள், இந்த வசதியால் நான் அதிகம் மறைத்திருப்பது விளம்பரமே இல்லை. யூடியூபில் ஷார்ட்ஸ் வரிசை, செய்தியின் கீழே கருத்துச் சண்டை, ‘உங்களுக்காக’ என்று ஒரு மைல் நீளத்துக்கு ஓடும் பட்டியல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் ஷார்ட்ஸை மட்டும் மறைத்துவிட்டால் மாலையில் ஒரு மணி நேரமாவது மிஞ்சும். பிள்ளை விதியை நீக்கக் கற்றுக்கொள்ளும் வரை.

நீக்குவதும் எடுத்துவைப்பதும்

நீக்குவது எளிது. கேடயப் பலகையில் பல்சக்கரப் படத்தை அழுத்தினால் அமைப்புகள் திறக்கும். ‘மை ஃபில்டர்ஸ்’ தாவலில் நீங்கள் போட்ட விதிகள் வரிக்கு ஒன்றாக இருக்கும், எந்தத் தேதியில் எந்தப் பக்கத்தில் போட்டது என்ற குறிப்போடு. வேண்டாத வரியை அழித்து, ‘அப்ளை சேஞ்சஸ்’ கொடுத்தால் அந்தப் பெட்டி திரும்பிவிடும். வரியின் தொடக்கத்தில் ஆச்சரியக்குறி வைத்தால் விதி அழியாமல் வேலையை மட்டும் நிறுத்தும். எந்த விதியால் தளம் கெட்டது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க இது உதவும். குக்கி அறிவிப்புகள், ஆப் பட்டைகள் போன்றவற்றை நீங்களே ஒவ்வொன்றாகத் துரத்தவும் வேண்டாம். ‘ஃபில்டர் லிஸ்ட்ஸ்’ தாவலில் ‘குக்கி நோட்டீசஸ்’, ‘அனாயன்சஸ்’ என்ற தலைப்புகளில் ஆயத்தப் பட்டியல்கள் இருக்கின்றன. முதலில் டிக் இல்லாமல் இருக்கும், நீங்கள்தான் போட வேண்டும்.

போனில்? ஆண்ட்ராய்டில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டால் யூபிளாக் ஆரிஜினையும் போடலாம். ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சிகளுக்கே இடமில்லை. விரலால் துல்லியமாகப் பெட்டியைத் தொடுவது கஷ்டம் என்பதால் கணினியில் விதியை எழுதி, போனில் மை ஃபில்டர்ஸில் ஒட்டிவிடுவது சுலபம். ஐபோன்காரர்களுக்கு 2024-இல் வந்த ஐஓஎஸ் 18 முதல் சஃபாரியிலேயே கவனத்தைச் சிதறடிப்பவற்றைத் தொட்டு மறைக்கும் வசதி இருக்கிறது. தனி நீட்சி தேவையில்லை.

மை ஃபில்டர்ஸ் தாவலிலேயே ‘எக்ஸ்போர்ட்’ பட்டன் இருக்கிறது. விதிகள் எல்லாம் ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பாகக் கிடைக்கும். அதை உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள்; லேப்டாப் மாற்றும்போது ‘இம்போர்ட்’ செய்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும்.